முன்சக்கரத்துப் பித்தளை

உங்கள் போலீஸ் நிலையத்து வாசலில் நிற்கிற வண்டிகளுக்குச் செயின் எல்லாம் தொங்கிப்போயிருக்கிறது, ஐயா. உள்ளே அழைத்து வரும்போது கவனித்தேன். யாரையாவது விட்டு இறுக்கச் சொல்லுங்கள். வேகமாகப் போகும்போது கழன்று சக்கரத்தில் சிக்கினால் ஆள் பிழைப்பது கஷ்டம்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எழுதுகிறவர் நிதானமாகவே எழுதட்டும். எனக்கு அவசரமில்லை.

என் பெயர் விராத்மோ. பந்துலில் வயல் நடுவே இருக்கும் என் பட்டறையை உங்கள் ஆட்கள் பார்த்துவிட்டார்கள். டச்சுக்காரன் காலத்திலும் அதை ஒட்டியும் கப்பலில் வந்திறங்கிய பழைய இங்கிலீஷ், ஜெர்மன் மோட்டார் சைக்கிள்கள், இவைதான் என் தொழில். மெக்கானிக் என்று எழுதாதீர்கள். மெக்கானிக் கெட்டதைச் சரிசெய்து தருகிறவன். நான் வண்டியை எலும்பு தெரிய உரித்து, வெட்டி, வளைத்து, அதில் வேண்டாததையெல்லாம் எடுத்து எறிந்துவிட்டு, மிச்சமிருப்பதை ஓர் உருவமாக நிறுத்துகிறவன். இந்த ஜோக்ஜா வட்டாரத்தில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. எதை எடுக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் குறைவு.

நான் செய்து கொடுத்த வண்டிகளுக்கு என்ன கதி வந்தது என்று சொன்னால்தான் மற்றது உங்களுக்கு விளங்கும். மலாங்கில் ஒரு ஹோட்டல்காரர். அவருக்கு நான் செய்த வண்டியைச் சாப்பாட்டு அறைச் சுவரில் தூக்கி மாட்டி, முகப்பு விளக்குக்குள் பச்சை பல்பு போட்டுவிட்டார். என்னை விருந்துக்கு அழைத்து அதன் கீழேயே உட்காரவும் வைத்தார். "எப்படி அண்ணே நம்ம யோசனை?" என்று கேட்டார். "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றேன். சோலோவில் ஒரு வக்கீல். மாதக்கணக்காக நான் தேய்த்துத் தேய்த்து அரக்கு நிறம் ஏற்றிய டேங்கின் மேல் அவருடைய மகன் கால்பந்து ஸ்டிக்கர் ஒட்டினான். அதைப் படம் எடுத்து எனக்கே அனுப்பினார் வக்கீல். "தம்பிக்கு நல்ல ரசனை" என்று பதில் அனுப்பினேன். எங்களை அப்படித்தான் வளர்த்தார்கள். ஒருவர் முகத்துக்கு நேரே இல்லை, வேண்டாம் என்று சொல்வது அநாகரிகம். கோபத்தை வெளியே காட்டுவது அதைவிட அநாகரிகம்.

என் மனைவி வெனிங் அன்றைக்கு ஒன்று கேட்டாள்.

"உங்களுக்குக் கோபமே வராதா?"

"வராது."

"அப்ப அந்தப் படம் வந்ததுக்கப்புறம் கொல்லையில உக்காந்து ஒரு டேங்கை அடிச்சுக்கிட்டிருந்தீங்களே, அது என்ன?"

"தகரம் தட்டினேன்."

"தட்டித் தட்டி அது தட்டாவே போயிருச்சு. நல்ல டேங்கு அது."

அவள் இப்போது தன் அம்மா வீட்டில் இருக்கிறாள். அது வேறு விஷயம், எழுத வேண்டாம்.

பிரசோஜோவைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல மனிதர். இதை நான் யார் முன்னாலும் சொல்வேன். பள்ளிக்கூடச் சீருடை தைத்து விற்கிறவர். எப்போது பார்த்தாலும் சட்டையில் நூல் ஒட்டியிருக்கும். முதல் தடவை பட்டறைக்கு வந்தபோது உட்காரவே இல்லை. பாதி வேலையில் நின்ற வண்டி ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல். அதுவே எனக்குப் பிடித்துப்போயிற்று.

"அண்ணே, எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடுங்க. எப்படி வேணும்னு நான் கேக்கவே மாட்டேன். உங்களுக்கு எது தோணுதோ அது. நான் வாயே திறக்க மாட்டேன்."

இத்தனை வருடத்தில் என்னிடம் அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான். இதை நீங்கள் அடிக்கோடிட்டுக் கொள்ள வேண்டும்.

வண்டி கெதிரியில் கிடைத்தது. ஐம்பதுகளில் வந்த பி.எஸ்.ஏ. தோஃபு என்கிற சோயாக் கட்டி செய்கிறவர் ஒருவர் அதன் எஞ்சினைக் கழற்றிச் சோயா அரைக்கிற இயந்திரத்தோடு பிணைத்து வைத்திருந்தார். வண்டியின் வெறும் சட்டம் கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்து நின்றது. பிரசோஜோவும் கூட வந்திருந்தார். திரும்பும் வழியெல்லாம் லாரியின் பின்பக்கம் உட்கார்ந்து அந்தச் சட்டத்தைக் கைக்குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு வந்தார். மழை பெய்தது. முன்னால் வந்து உட்காரச் சொன்னேன். "இருக்கட்டும் அண்ணே, குலுங்குது" என்றார்.

ஒரு மழைக்காலத்தில் ஆரம்பித்து அடுத்த மழைக்காலம் வரைக்கும் வேலை நடந்தது. ஹேண்டில்பாரின் நுனியில் ஆரம்பிக்கிற கோடு டேங்கின் முதுகில் ஏறி, இருக்கையில் இறங்கி, பின்சக்கரத்தின் நடுவில் போய் முடிய வேண்டும். இடையில் எங்கேயும் கண் தடுக்கக் கூடாது. அதற்காக ஒயர்களைக் குழாய்க்குள் விட்டேன். கண்ணாடி கிடையாது, மீட்டர் கிடையாது. முன்சக்கரம் உயரமாக, ஒல்லியாக, வெறும் கம்பிகளோடு நிற்கும். சுழலும்போது அந்தப் பக்கத்து வயல் தெரியும்.

ஆமாம், முன்சக்கரத்தில் பிரேக் கிடையாது. பின்சக்கரத்தில் கால் பிரேக் மட்டும்தான். இந்த மாதிரி வண்டிகளில் அது வழக்கத்தில் உள்ளதுதான், என்னுடைய கண்டுபிடிப்பு இல்லை. நானே அப்படிப்பட்ட வண்டியைப் பல வருடம் ஓட்டியிருக்கிறேன். சமதரையில், தெரிந்தவன் கையில், ஒன்றும் ஆகாது.

வேலை முடிந்த அன்றைக்குப் பிரசோஜோ வந்தார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் போய் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். லஸ்மினி. கணவருக்கு நேர்மாறு. பட்டறைக்குள் நுழைந்ததும் வண்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்தாள்.

"முன்னாடி பிரேக் எங்கண்ணே?"

"இல்லை, தங்கச்சி. பின்னாடி இருக்கு."

"பின்னாடி இருக்கறது சரி. முன்னாடி?"

"இந்த வண்டிக்கு அது வராது. அழகு கெட்டுப்போயிடும்."

"அழகு கெட்டா என்ன? மனுஷன் கெடாம வீட்டுக்கு வரணுமில்ல? நீங்க வண்டி பண்ணிருக்கீங்களா, இல்ல சாமி சிலை பண்ணிருக்கீங்களா?" என்று சிரித்தாள். "நானும் பின்னாடி ஏறிப் போகணும். எனக்கு ஒரு சின்ன சீட்டும் போட்டுருங்க, அண்ணே. உங்களுக்கு அது என்ன பெரிய வேலையா?"

நான் பிரசோஜோவைப் பார்த்தேன். வாயே திறக்க மாட்டேன் என்றவர். தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அவ சொல்றதுலயும் நியாயம் இருக்குல்ல, அண்ணே. சின்னதா, கண்ணுக்குத் தெரியாத மாதிரி... உங்களால முடியாததா?"

"ஆகட்டும்" என்றேன். தேநீர் கொண்டுவரச் சொன்னேன். லஸ்மினி வீட்டிலிருந்து குடெக் என்கிற பலாக்காய்க் கறி கொண்டுவந்திருந்தாள். மூவரும் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது என்று அவளிடம் சொன்னேன். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

நான் முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. பின்னால் சின்ன சீட்டைக் கோடு கெடாமல் போட்டுவிட்டேன். உண்மையான டிரம் பிரேக் ஒன்றை வாங்கி முன்சக்கரத்தில் பூட்டிப் பார்த்தேன். நாட்டியக்காரியின் கழுத்தில் கழலை வந்ததுபோல இருந்தது. கழற்றினேன். சிறியதாக ஒன்று தேடினேன். கிடைக்கவில்லை. கடைசியில் நானே பித்தளையில் ஒன்று செய்தேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. பூவின் மொக்கு மாதிரி. அதைப் பூட்டியதும் கோடு கெடவில்லை. சொல்லப்போனால் கண்ணுக்கு ஓர் ஓய்விடம் கிடைத்த மாதிரி இருந்தது. ஆனால் அந்த அளவுக்குள் வண்டியை நிறுத்துகிற பிரேக் ஷூ எதுவும் உட்காராது. ஆகவே உள்ளே ஒன்றும் வைக்கவில்லை.

வண்டியைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கண்காட்சியில் நிறுத்துவதாக ஏற்பாடு. என் வெல்டர் கியார்த்தோ பார்த்துவிட்டான்.

"அண்ணே, உள்ள காலியா இருக்கே?"

"கண்காட்சிக்கு மட்டும்தாண்டா. அங்க யாரு ஓட்டப் போறா? வண்டி குடுக்கறதுக்கு முன்னாடி நிஜமானதை மாட்டிடுவேன்."

அதை நான் சொன்னபோது அப்படித்தான் நினைத்திருந்தேன். கியார்த்தோவை நீங்கள் தொந்தரவு செய்ய வேண்டாம். அவன் பிறகு இன்னொரு தடவையும் கேட்டான். மாற்றியாயிற்று என்று சொல்லிவிட்டேன்.

பித்தளையைப் பூட்டிய பிறகு கைப்பிடி வேண்டும் அல்லவா? லீவரை மெல்லியதாக இழைத்தேன். அதிலிருந்து கிளம்பும் கேபிளை ஹேண்டில்பாருக்குள்ளேயே விட்டேன். லீவரைப் பிடித்தால் சும்மா தொளதொளவென்று வந்தால் சிறுபிள்ளைக்கும் தெரிந்துவிடும். அதனால் கேபிளின் மறுமுனையை ஹேண்டில்பார் வந்து சேரும் வண்டியின் கழுத்துக்குள் ஒரு ஸ்பிரிங்கில் மாட்டினேன். முதலில் போட்ட ஸ்பிரிங் மிகவும் இளக்கம். அடுத்தது ரொம்ப விறைப்பு. நல்ல பிரேக்கைப் பிடிக்கும்போது முதலில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, அப்புறம் கனத்து, கடைசியில் கல்லாக நிற்கும். அந்த மூன்றும் கைக்கு வர வேண்டும். கம்பியைச் சூடுகாட்டி நானே சுற்றினேன். ஒன்றன்பின் ஒன்றாகப் பல சுற்றிப் பார்த்து எறிந்தேன். கடைசியில் வந்தது பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டு பிடித்தால் நானே ஏமாறுவேன்.

கண்காட்சிக்கு மட்டும் என்றால் எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்கிறீர்கள். கியார்த்தோ அதைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கண்காட்சியில் முதல் பரிசு வந்தது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். மேடையில் பிரசோஜோவையும் ஏற்றினார்கள். மைக்கைக் கையில் கொடுத்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாம் அண்ணன் கைவேலை. ஆனா முன் பிரேக் மட்டும் என் வீட்டுக்காரம்மா யோசனை" என்றார். கூட்டம் சிரித்துக் கைதட்டியது. லஸ்மினி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். நடுவர்களில் ஒருவர் கீழே இறங்கி வந்து என் தோளைத் தொட்டார்.

"வண்டி முழுக்க நல்லா இருக்கு, விராத்மோ. ஆனா உயிரு எங்க இருக்குன்னா, அந்தப் பித்தளையில இருக்கு."

அப்புறம் வந்த பத்திரிகைகளிலும் அதே பேச்சு. படத்தில் பாதிப் பக்கம் அந்தப் பித்தளை. ஒரு வருடம் நான் வளைத்த சட்டத்தை யாரும் பார்க்கவில்லை. கழுத்தில் நான் போட்ட வெல்டிங்கை யாரும் தடவவில்லை. என் வேலையை அறியாத ஒரு பெண் குந்தி உட்கார்ந்து விரலை நீட்டியதால் நான் செய்த பொய் ஒன்று, அதைத்தான் எல்லோரும் கும்பிட்டார்கள். அன்றைக்கும் நான் கோபப்படவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் கைகொடுத்தேன். கோபம் என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

அதற்குப் பிறகு அதை மாற்ற முடியாது என்று ஆகிவிட்டது. பித்தளையைக் கழற்றிவிட்டுக் கழலையை மாட்டினால் ஏன் என்று கேட்பார்கள். அப்படியே கொடுத்தேன்.

பிரசோஜோ பந்துலுக்குள்தான் ஓட்டினார். கடைக்குப் போவார், மசூதிக்குப் போவார். எல்லாம் சமதரை. கையையும் காலையும் சேர்த்தே பிடிக்கிறவர் அவர். அப்படிப் பிடிக்கிறவனுக்கு வண்டியை நிறுத்துவது எது என்று கடைசிவரை தெரியாது. வாரம் ஒருமுறை பட்டறைப் பக்கம் வந்து, "முன் பிரேக் வெண்ணெய் மாதிரி இருக்கு, அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போவார். அப்போதெல்லாம் சொல்லியிருக்கலாம். நீங்கள் அதைத்தான் மறுபடி மறுபடி கேட்கிறீர்கள். சொல்லியிருக்கலாம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் வந்தார்கள். லஸ்மினி புது ஹெல்மெட் போட்டிருந்தாள். மேலே பைன் காட்டுக்குப் போய்ப் படம் எடுக்கப் போகிறார்களாம். நான் வெளியே வந்து பார்த்தேன். ஹேண்டில்பாரின் நடுவில் போன் மாட்டுகிற கறுப்புப் பிளாஸ்டிக் தாங்கி ஒன்று. நான்கு கால்களை விரித்து நண்டு மாதிரி உட்கார்ந்திருந்தது. சரியாக அந்தக் கோடு போகிற வழியில். அதன் ரப்பர் கடித்த இடத்தில் பாலிஷ் மங்கியிருந்தது.

ஐயா, என் கையில் அப்போது ஸ்பானர் இருந்தது. அதை மெதுவாகக் கீழே வைத்தேன். வாருங்கள் என்று சொன்னேன். தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.

அப்புறம் நடந்ததை எல்லாம் நீங்கள் அளந்து, படம் எடுத்து வைத்திருக்கிறீர்கள். திரும்பி வரும்போது செங்குத்தான சினோமத்தி இறக்கத்தில் இறங்கியிருக்கிறார்கள். அங்கே கால் பிரேக்கை விடாமல் மிதித்தால் பாதி வழியிலேயே சூடாகிப் பிடிப்பு விட்டுவிடும். முதல் கியரில் போட்டு எஞ்சினை வைத்தே பிடித்து இறக்குகிறவன் தப்பலாம். பிரசோஜோ அப்படி ஓட்டுகிறவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டாவது வளைவில் பாறைச்சுவரில் மோதியிருக்கிறது. அவர் அங்கேயே போய்விட்டார்.

லஸ்மினியின் முன்னால் என்னை நீங்கள் கொண்டுபோய் நிறுத்தியிருக்க வேண்டாம். இரண்டு காலிலும் கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். நர்ஸ் பிடித்துக்கொண்டாள்.

"பிடிச்சுக்கிட்டே இருந்தாருடா. மேல இருந்து கீழ வரைக்கும் அந்தக் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாரு. நான் பின்னாலருந்து பாத்தேன், விரலெல்லாம் வெளுத்துப்போச்சு. 'புடிக்குது லஸ்மி, புடிக்குது, பயப்படாத'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. என்னத்தடா வச்ச உள்ள? சொல்லு. என் வீட்டுச் சோறு தின்னியேடா, அது உள்ள போயும் எப்படிடா உனக்குக் கை வந்துச்சு?"

அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள். நான் அவளைவிட இருபது வயது மூத்தவன். ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி என்னை டா போட்டுப் பேசினாள். உங்கள் ஆட்கள் யாரும் அவளைக் கண்டிக்கவில்லை. நான் பொறுத்துக்கொண்டேன். அவளுடைய நிலைமை அப்படி.

ஆனால் அவள் சொன்னதில் ஒன்றை நீங்கள் கவனிக்கவில்லை. பிடிக்கிறது, பிடிக்கிறது என்று பிரசோஜோ சொல்லியிருக்கிறார். சுவர் கண்முன் வந்துகொண்டிருக்கும்போதும் அவருடைய கை அந்த ஸ்பிரிங்கை நம்பியிருக்கிறது. இத்தனை வருடம் நான் செய்ததிலேயே சுத்தமான வேலை அதுதான். அதைப் பற்றி ஒரு பத்திரிகையும் எழுதவில்லை.

காரணம் கேட்டால் அந்தப் பிளாஸ்டிக் தாங்கிதான் காரணம் என்று நேற்று சொன்னேன். அதைப் பார்த்திருக்காவிட்டால் அன்றைக்கு நிச்சயம் உண்மையைச் சொல்லி வண்டியை உள்ளே தள்ளியிருப்பேன் என்றும் சொன்னேன். இன்றைக்கு நீங்கள் இந்த உறையை மேசை மேல் வைத்திருக்கிறீர்கள். தாங்கி உடைந்த வண்டியில் இல்லை, பிரசோஜோவின் சட்டைப்பையில்தான் கிடைத்தது என்கிறீர்கள். அது எப்படி அங்கே போயிற்று என்று கேட்கிறீர்கள்.

அவரே கழற்றிவிட்டார்.

தேநீர் வேண்டாம் என்றவர் என் முகத்தைப் பார்த்தார். இத்தனை பேரில் ஒருவரும் என் முகத்தில் எதையும் படித்ததில்லை. அவர் படித்துவிட்டார். உடனே குனிந்து அதைத் திருகிக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மங்கிய இடத்தைத் தன் சட்டை நுனியால் துடைத்தார்.

"மன்னிச்சிருங்க, அண்ணே. வழி பாக்கறதுக்குன்னு புத்தியில்லாம மாட்டிட்டேன். இனிமே இதுமேல ஒண்ணும் வைக்க மாட்டேன்."

"அதனால என்ன" என்றேன்.

லஸ்மினி ஏறி உட்கார்ந்தாள். அவர் வண்டியைக் கிளப்பிவிட்டு, திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"அண்ணே, வரும்போது சினோமத்தி வழியா இறங்கலாம்னு பாக்கறோம். தாங்குமா?"

அந்தக் கோடு அப்போது முழுதாக இருந்தது, ஐயா. கண்ணைத் தடுக்க ஒன்றுமில்லை. வெயில் அந்தப் பித்தளையில் பட்டுக்கொண்டிருந்தது.

"முன் பிரேக் இருக்கே, தம்பி. அதைப் பிடிச்சுக்கிட்டே இறங்குங்க" என்றேன்.

எனக்கு இருந்த வருத்தமெல்லாம் அவர் மன்னிப்புக் கேட்டபோதே தீர்ந்துவிட்டது. அதனால்தான் சிரித்த முகமாகச் சொல்ல முடிந்தது.